மூடியாச்சா

மஞ்சனூரணியில் நெருப்பு பத்தாமல் போன அன்றைக்கு முதலில் யாரும் பயப்படவில்லை, எரிச்சல்தான் பட்டார்கள். நட்டநடு மத்தியானத்தில் டீக்கடைப் பாய்லர் அவிந்தது, கொதித்துக்கொண்டிருந்த குழம்பெல்லாம் வீட்டுக்கு வீடு அப்படியே அடங்கியது, வேப்பமரத்தடியில் ஒருவர் வாயிலிருந்த பீடி அணைந்து, அவர் தீப்பெட்டி செய்தவனின் குடும்பத்தையே திட்டிக்கொண்டு பெட்டிக் குச்சியை எல்லாம் உரசித் தீர்த்தார். நமுத்த பெட்டி என்றார்கள். புதுப்பெட்டி எடுத்தார்கள், அதுவும் பத்தவில்லை. லைட்டரைத் தட்டினால் டிக் டிக்கென்று சத்தம் வருகிறது, அடுப்பைத் திருகினால் புஸ்ஸென்று கேஸ் வருகிறது, ஆனால் ரெண்டும் சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டு முகம் பார்க்க மாட்டேனென்கிறது. பொழுது சாய்கிற நேரத்தில் செல்லியம்மன் கோயில் பூசாரி, கற்பூரம் ஏற்ற முடியாமல் வெறுந்தட்டை அம்மனுக்குச் சுற்றிக் காட்டிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்த பிறகுதான் ஊருக்கு உறைத்தது. யாரோ நிலத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

டவுன் குப்பையை எல்லாம் கொண்டுவந்து கண்மாய்க் கரையில் எரிக்கிறதற்கு ஓர் ஆலை கட்டப்போகிறோம் என்று ஆபீசர்கள் வந்து படம் காட்டியிருந்தார்கள். படத்தில் ஆலைக்கு முன்னால் பூச்செடி இருந்தது, புல்தரை இருந்தது, வெள்ளைச் சட்டை போட்டவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். இம்புட்டு அழகா இருக்கே, இதை உங்க வீட்டுக்கு எதுத்தாப்புல கட்டிக்கிட வேண்டியதுதானே என்று வெள்ளைத்தாய் கேட்டாள். அவள்தான் பொம்பளைகளைக் கூட்டி ரோட்டில் உட்காரவைத்தவள், வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி கட்டினவள், குரல் எடுத்தால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் மாடு நிமிர்ந்து பார்க்கும். ஆபீசர்கள் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஆலைக்கு இடம் புறம்போக்கில் இருந்தது, ஆனால் மெயின் ரோட்டிலிருந்து லாரி போக வழி இல்லை. ஊர்க்காரர் ஒருத்தர் பட்டா நிலத்தைக் கொடுத்தால்தான் வழி. கொடுக்காமல் இருந்துவிட்டால் ஆலை இல்லை. காரியம் அவ்வளவுதான், அதற்காகத்தான் சத்தியம் பண்ணினார்கள்.

மஞ்சனூரணியில் சத்தியம் பண்ணுகிற முறை வேறு. மற்ற ஊர்களில் கற்பூரத்தை அடித்து, தப்புப் பண்ணினால் நான் நாசமாய்ப் போவேன், என் பிள்ளைகுட்டி விளங்காது என்பார்கள். இங்கே அப்படிச் சொல்ல விடமாட்டார்கள். தன் தலையில் இடி விழட்டும் என்கிறவன் இடிக்கே துணிந்தவனாக இருந்துவிட்டால் என்ன பண்ணுவது? அதனால் ஆள் பேரைச் சொல்லாமல் ஊரையே பணயம் வைப்பார்கள். வெள்ளைத்தாய்தான் வாசகத்தைச் சொன்னாள். நம்மில் ஒரு ஆள் ஆலைக்கு ஒரு சாண் நிலம் கொடுத்தாலும் அன்றிலிருந்து இந்த ஊரில் நெருப்பு பத்தாது, கொடுத்த ஆள் இதே இடத்தில் வந்து நின்று சொல்லி, கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற வரைக்கும் பத்தாது. எல்லோரும் வரிசையில் போய் உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார்கள். நல்ல கெட்டிக்காரத்தனமான சத்தியம். அதில் ஒரே ஒரு ஓட்டை. ஊருக்கே விழுகிற தண்டனை, தப்புப் பண்ணினது யாரென்று கை நீட்டிக் காட்டாது.

சீனியம்மாளும் அன்றைக்கு அடித்தாள். பொய்யாக அடிக்கவில்லை, முழு மனசோடுதான் அடித்தாள். தெருவின் கடைசி வீட்டுக்காரி, புருஷனை இழந்தவள், மெயின் ரோட்டை ஒட்டி ஒரு துண்டுக் கரிசல் காடு வைத்திருந்தாள். அடுத்த மாதம் திருப்பூரிலிருந்து போன் வந்தது.

பவளம் அவளுக்கு ஒரே மகள். மாப்பிள்ளை தாய் தகப்பன் இல்லாத பையன், பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தான். விடிகிற நேரத்தில் எழுந்தவள், என்னமோ நாறுகிறதே என்று பார்ப்பதற்கு லைட்டைப் போட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். ஆஸ்பத்திரியில் வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். சீனியம்மாள் தொடுவதற்கு இடம் தேடினாள், உள்ளங்காலில் கொஞ்சம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள். "லைட்டத்தானம்மா போட்டேன்" என்றாள் பவளம். என்னமோ பெரிய தப்புப் பண்ணிவிட்டு மன்னிப்புக் கேட்கிற குரலில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கட்டு மாற்ற வந்த நர்ஸம்மா சீனியம்மாளிடம் தணிந்த குரலில் சொன்னாள். நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்ச்சையும் தொடக்கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடணும், கதவு ஜன்னலைத் திறந்து போடணும், கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும், அது வெளியே போகிற மட்டும் காத்திருக்கணும். இது தெரியாமல்தான் இங்கே வருகிறார்கள் என்றாள். இதை இந்த வார்டில் வைத்துச் சொல்கிறாயே மகராசி என்று சீனியம்மாள் நினைத்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் பிழைப்பாள் என்று ஒரு டாக்டர் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, ஆலைக்கு நிலம் பிடிக்கிற தரகன் வந்து நின்றான். எந்தக் காக்கா போய்ச் சொன்னதோ. இப்போதைக்கு அச்சாரம் வாங்கிக்கங்க, பத்திரப் பதிவு பிறகு பார்த்துக்கலாம் என்று மிக மரியாதையாகப் பேசினான். பெற்றவள் என்ன செய்வாள்? செல்லியம்மனையே விற்றுக் கொடு என்று கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். வராந்தாச் சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நட்டநடு மத்தியானம். அந்த நாழிகையில்தான் ஊரில் டீக்கடைப் பாய்லர் அவிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பவளம் போய்விட்டாள்.

உடம்பை மஞ்சனூரணிக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வகையறாவில் எரிப்பதுதான் வழக்கம். எரிஞ்சவளை மறுபடியும் எரிக்காதீங்கப்பா, புதைச்சிருங்க என்று சீனியம்மாள் ஒவ்வொருத்தர் காலாகப் பிடித்தாள், யாரும் கேட்கவில்லை. வீட்டில் கொள்ளிச்சட்டிக்கு நெருப்பு பத்தவில்லை. வெறுஞ்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டினார்கள். சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம், ஊர் எல்லைக்கு வெளியே. பங்காளி மகன் நம்பிக்கை இல்லாமல் ஒரு குச்சியை உரசினான், அது பொசுக்கென்று பத்திக்கொண்டது. ஆம்பளைகள் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். எரிகிற சிதையை விட்டுவிட்டு ரெண்டு பேர் ஊருக்குள் ஓடி, ஓடைக்கு அங்கிட்டு நெருப்பு இருக்கு, பானையைத் தூக்கிட்டு வாங்க என்று கூவினார்கள். அப்படித்தான் ஊர் அன்றைக்குச் சாப்பிட்டது. பவளம் எரிந்ததால்தான் ஊருக்குச் சோறு கிடைத்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பசி அப்படி.

பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. சுடுகாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காத பொம்பளைகள் காலையும் மாலையும் இடுப்பில் பானையும் தலையில் கருவேல விறகுமாக ஓடையைத் தாண்டினார்கள், குடும்பத்துக்கு மூன்று கல் என்று கரையோரம் நீளத்துக்கு அடுப்புப் போட்டார்கள், பக்கத்து அடுப்பில் புளி கடன் வாங்கினார்கள், மருமகளைக் குறை சொன்னார்கள். பீடி குடிக்கிறவர்களுக்கு அங்கே ஒரு மரம் ஒதுக்கினார்கள். கல்யாணம் என்றால் தாலி ஊருக்குள், ஓமம் ஓடைக்கு அங்கிட்டு. அம்மனுக்கு மட்டும் கற்பூரத்தை ஏற்றாமல் தட்டில் வைத்துக் காட்டினார்கள், பக்தர்கள் அந்தக் குளிர்ந்த கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

வீட்டில் கேஸ் அடுப்பைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வரவில்லை. கரண்ட் போனால் ஸ்விட்ச்சை அணைக்காமலே விட்டுவைப்போமே, வந்தால் தெரியட்டும் என்று, அந்த மாதிரி அடுப்புத் திருகைக் கொஞ்சமாகத் திறந்தே வைத்தார்கள். நெருப்பு எப்போது திரும்பி வந்தாலும் தானாகக் குப்பென்று பத்திக்கொள்ளும், முதலில் நம் வீட்டில்தான் பத்தும் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்தார்கள். தெரு முழுக்க அந்த நாற்றம். பிறந்த பிள்ளைகள் அதுதான் காற்றின் வாசனை என்று நினைத்து வளர்ந்தன. கேஸ் ஏஜென்சியிலிருந்து ஒரு தம்பி பாதுகாப்பு வகுப்பு எடுக்க வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, ட்யூபை மாற்றணும், படுக்கும்போது ரெகுலேட்டரை மூடணும் என்றெல்லாம் சொன்னான். வெள்ளைத்தாய் அவன் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தாள். வேண்டாம் வேண்டாமென்று பதறினவன், அவர்கள் சிரித்த சிரிப்பில் ரோஷப்பட்டு, வெட்டவெளிக்குப் போய் ஒவ்வொரு குச்சியாக உரசிப் பார்த்தான். ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தான். இருந்தாலும் ரூல் ரூல்தாம்மா என்று சொல்லி, கதவுக்குக் கதவு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனான்.

அவன் சொன்னதைக் காதில் வாங்கினவள் சீனியம்மாள் ஒருத்திதான். தன் வீட்டு சிலிண்டரை அவள் என்றைக்கோ கழற்றிக் கொல்லையில் சாக்குப் போட்டு மூடியிருந்தாள். விளக்கு வைக்கிற நேரமானால் தெருமுனையிலிருந்து வீடு வீடாக ஏறி, கேஸை மூடியாச்சா, மூடியாச்சா என்று கேட்பாள். மூடாத வீட்டில் தானே உள்ளே போய் மூடுவாள். அவள் முதுகைத் திருப்பியதும் மறுபடி திறந்துவிடுவார்கள். மகள் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது, பாவம் என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் அவளைக் கண்டால் மூடியாச்சாக்கா வர்றா, மூடியாச்சாக்கா வர்றா என்று பின்னால் ஓடும். அவள் அதற்கும் கோபப்படவில்லை.

அவளுக்குள்ளே ஓடியது வேறு. நெருப்பில்லாத ஊர் அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை. இந்த எல்லைக்குள் எந்தப் பிள்ளையும் எரியாது, எந்தத் தாயும் உள்ளங்காலைத் தேட வேண்டியதில்லை. யார் குடுத்தது, எந்தச் சண்டாளி குடுத்தது என்று ஊர் கேட்டபோது அவளும் கூடச் சேர்ந்து யாராயிருக்கும் என்று கேட்டாள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கையெழுத்துப் போட்ட கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சொல்லிவிடலாம், சொன்னால் நெருப்பு வந்துவிடும், வந்தால் இத்தனை வீட்டிலும் அது தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறதே என்று நினைப்பாள். அதனால் ஒரு நாளும் சொல்லவில்லை.

ஒரு நாள் சர்வேக்காரர்கள் அவள் காட்டில் கல் ஊன்றினார்கள். அவள் காட்டுக்கும் டெய்லர் சன்னாசி காட்டுக்கும் நடுவில் வரப்பு தெளிவாக இருக்காது. கல்லைப் பார்த்தவர்கள் சன்னாசியைப் பார்த்தார்கள். மகளைப் பறிகொடுத்தவளைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்? சன்னாசியிடம் யாரும் துணி தைக்கக் கொடுக்கவில்லை. அவன் பெண்டாட்டி பூவாயியின் அடுப்பை வரிசையிலிருந்து தள்ளித் தள்ளி, கடைசியில் சிதை மேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நாங்க குடுக்கலை என்று அவள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். ஒரு நாள் காலையில் வெள்ளைத்தாய் நேராகப் போய், கொதித்துக்கொண்டிருந்த அவள் உலையை ஒரே எத்தாக எத்திவிட்டாள். அரைவேக்காட்டுச் சோறு பவளம் எரிந்த இடத்தில் போய்ச் சிதறியது. பூவாயி சண்டைக்கு வரவில்லை. குனிந்து, மண்படாத பருக்கையாகப் பார்த்துப் பொறுக்கிப் பானையில் போட்டாள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தன.

சீனியம்மாள் தன் அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு எழுந்தாள்.

அன்றைக்கு அவள் விளக்கு வைக்கிற நேரம்வரை காத்திருக்கவில்லை. உச்சிவெயிலில் தெருமுனையில் ஆரம்பித்தாள். மூடியாச்சா என்று கேட்கவில்லை, உள்ளே போய்த் திருகை மூடி, ரெகுலேட்டரையே கழற்றி, சிலிண்டரை வாசலுக்கு உருட்டினாள். கதவைத் திறந்தாள், ஜன்னலைத் திறந்தாள், முறத்தை எடுத்துத் தரையோடு தரையாக வீசினாள், பிடிவாதம் பிடிக்கிற ஆட்டுக்குட்டியை விரட்டுகிற மாதிரி மூலைமுடுக்கிலிருந்து கேஸை வெளியே விரட்டினாள். இன்னைக்கு ஒரு ஸ்விட்ச்சையும் தொடாதீங்க தாயே, பொழுது சாயிற மட்டும் யாரும் வீட்டுக்குள்ள இருக்காதீங்க என்று கும்பிட்டாள். பூவாயி வீட்டில் மட்டும் முறம் வீசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றாள். இன்றைக்கு இவளுக்கு முற்றிவிட்டது என்று ஜனம் சிரித்துக்கொண்டே வெளியே வந்து நின்றது.

வெள்ளைத்தாய் வீடு கடைசிக்கு முந்தின வீடு. அவள் சிரிக்கவில்லை. சீனியம்மாள் வேர்க்க விறுவிறுக்க முறம் வீசுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"ஏ சீனி, நெதமும் வந்து கேக்குறவதான். இன்னைக்கு என்ன இப்படி?"

"இன்னைக்கு நெருப்பு வரும் மதினி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சீனியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "நான் போயிச் சொன்னா வரும்."

வெள்ளைத்தாய்க்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் அவள் கை ஓங்கியது, ஓங்கின கை அப்படியே நின்றது. பிறகு அவள் குனிந்து அந்த முறத்தை எடுத்து, சீனியம்மாள் வீசாமல் விட்ட கட்டிலுக்கு அடியில் தானே வீசினாள்.

கோயில் வாசலில் ஊர் கூடி நின்றது. சீனியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள், ஆஸ்பத்திரி வராந்தாவையும் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள், காட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டேன், பத்திரம் பதிய மாட்டேன், அச்சாரம் வாங்கினதுக்கு ஜெயிலுக்குப் போனாலும் போவேன், அந்தக் கல்லைப் பிடுங்கிப் போடுங்க என்று சொன்னாள். சொல்லிவிட்டு, தட்டிலிருந்த குளிர்ந்த கற்பூரத்தின் பக்கம் குச்சியை உரசினாள். பத்தியது. எத்தனையோ காலம் கழித்துச் செல்லியம்மன் முகம் வெளிச்சத்தில் தெரிந்தது, அவளும் கொஞ்சம் வயசானவள் மாதிரித்தான் இருந்தாள். டீக்கடைக்காரர் ஓடிப்போய் வெட்டவெளியில் ஒரு குச்சி உரசினார், பத்தியது. ஜனம் அழுதது. ஆனால் ஒரு வீடும் எரியவில்லை, ஒரு ஓலைகூடக் கருகவில்லை. நடக்காமல் போன விபத்துக்கு யாரும் பொங்கல் வைப்பதில்லை.

வழி இல்லாததால் ஆலைக்காரர்கள் பிறகு வேறு ஏதோ ஊருக்குப் போனார்கள். அந்த ஊரில் யார் வீட்டில் என்ன கஷ்டம் இருந்ததோ, நமக்குத் தெரியாது. சீனியம்மாளுக்கு ஊர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அடிக்கவில்லை, விரட்டவில்லை. அவளோடு யாரும் பேசக்கூடாது, அவள் யார் வீட்டுப் படியும் ஏறக்கூடாது, நெருப்பும் தண்ணியும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. பூவாயி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். சீனியம்மாள் சரியென்று தலையாட்டினாள், அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அன்று சாயங்காலம் வீடு வீடாகச் சிலிண்டரை உள்ளே உருட்டி மாட்டினார்கள், பால் காய்ச்சினார்கள், பாயசம் வைத்தார்கள். சீனியம்மாள் தன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைக்கிற நேரம் வந்தது. கால் தன்னால் எழுந்தது, படி ஏறக்கூடாதே என்று ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தது. இத்தனை வீட்டிலும் இன்றைக்குத்தான் நிஜமான நெருப்பு, இன்றைக்குப் பார்த்து யாரும் கேட்க மாட்டார்களே என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தெருமுனை வீட்டில் ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டைப் பார்த்து, மூடியாச்சா என்றது. மூடியாச்சு என்றது பக்கத்து வீடு. சொல்லிவிட்டு, அதற்கு அடுத்த வீட்டைப் பார்த்து மூடியாச்சா என்றது. யார் சொல்லிக்கொடுத்தும் இல்லை, கூடிப் பேசியும் இல்லை. காது பழகியிருந்தது, கேட்காவிட்டால் படுக்க முடியாது போலிருந்தது. குரல் வீடு வீடாகத் தாண்டி, சன்னாசி வீட்டைத் தாண்டி, தெருவில் இறங்கி வந்தது. வெள்ளைத்தாய் வீட்டுக்கு வந்தது. மூடியாச்சு என்றாள் வெள்ளைத்தாய்.

அடுத்த வீடு சீனியம்மாளுடையது. ஊர்த் தீர்ப்பைச் சத்தமாக வாசித்தவளே வெள்ளைத்தாய்தான். தெரு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவள் சீனியம்மாளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு, கண்மாய் மாடு நிமிருகிற அந்தக் குரலை எங்கேயோ தொலைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"மூடியாச்சா?"

சாக்குப் போட்டு மூடின சிலிண்டர் கொல்லையில் கிடந்தது. அடுப்பில் பூனை படுத்திருந்தது. "மூடியாச்சு மதினி" என்றாள் சீனியம்மாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

முறைப்படி இனி அவள் அடுத்த வீட்டைக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு வீடு இல்லை. ஓடைதான் இருந்தது, ஓடைக்கு அங்கிட்டு அணைந்த அடுப்புக் கற்களும் அந்தச் சிதை மேடும் மங்கலில் தெரிந்தன. சீனியம்மாள் எழுந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அந்தப் பக்கமாகத் திரும்பினாள்.

"பவளம், மூடியாச்சா?"

பதில் வருகிற மட்டும் தெருவில் ஒரு வீட்டிலும் யாரும் லைட்டைப் போடவில்லை.